மொட்டை மலையின் அடியில் ஒரு நாள்

கரீபியக் கடலுக்கும் அட்லாண்டிக் மாகடலுக்கும் இடையே, வில்லொன்றை வளைத்து நீரில் இட்டாற்போல் ஒரு தீவுத் தொடர் கிடக்கின்றது. அத்தீவுகளிற் பெரும்பாலானவை எரிமலைகள் ஈன்ற பிள்ளைகள். அட்லாண்டிக்கின் அடித்தளப் பாறை ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து கரீபியத் தளத்தின் கீழே புதைந்துகொண்டிருக்கிறது. புதையும் பாறை தன்னகத்தே உறிஞ்சியிருந்த நீரைப் பேராழத்தில் வெளிவிட, அந்நீர் பட்ட மேற்பாறை இளகி, உருகி, வழி தேடி எழும்புகின்றது. எழும்பி வந்து கடலுக்கு மேலே தலைகாட்டிய இடமெல்லாம் ஒரு தீவு. இத்தொடரின் நடுவே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருப்பது மார்ட்டினிக். பரப்பளவு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். நம் நாட்டில் ஒரு சிறிய மாவட்டத்திற்கும் குறைவு. இச்சிறு நிலத்தைப் பற்றி நம் சங்க மலரில் எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் போகப்போக விளங்கும்.

கொலம்பசு தம் நான்காம் பயணத்தில், 1502ஆம் ஆண்டு, இத்தீவின் கரையிறங்கினார். பிரெஞ்சுக்காரர் 1635இல் வந்து குடியேறி, சென் பியேர் என்னும் ஊரை மேற்குக் கரையில் எழுப்பினர். பழங்குடிகளான கரீபியர் அழிந்தனர், கரும்பு வந்தது. கரும்புடன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். இரண்டு நூற்றாண்டுக் காலம் சர்க்கரையும் சாராயமும் ஐரோப்பாவிற்குச் சென்றன. அவற்றின் விலையை அடிமைகள் தம் உடலால் கொடுத்தனர். 1848ஆம் ஆண்டு மே மாதம் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுள் பலர் பழைய எசமானரின் தோட்டத்தில் மீண்டும் கால்வைக்க விரும்பவில்லை. அதிற் குறை காண எவரால் இயலும்? ஆனால் தோட்டக்காரர்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. அக்கைகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

தீவின் இன்றைய தலைநகரம் போர் த பிரான்ஸ். அங்குள்ள துறைமுகத்தில் வந்திறங்கும் பயணிகளுக்கென ஒருநாட் சுற்றுலா வண்டிகள் ஆயத்தமாக நிற்கும். காலையிற் புறப்பட்டு, மலைவழியே வடக்கே ஏறி, எரிமலையைச் சுற்றிப் பார்த்து, மேற்குக் கரையோரமாக மாலையில் திரும்புவது வழக்கம். நாமும் அத்தகைய வண்டியொன்றில் ஏறினோம். எம் வழிகாட்டி நடுத்தர வயதுப் பெண்மணி. பள்ளியில் வரலாறு கற்பித்தவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. ஆண்டுகளை அவர் ஒருபோதும் தடுமாறாமற் சொன்னார். தலையில் கட்டமிட்ட வண்ணத் துணியை முடிச்சிட்டுக் கட்டியிருந்தார். அதன் பெயர் யாதென வினவினோம். "மத்ராஸ்" என்றார்.

இத்துணி நம் கூலியாட்களுக்கும் முன்னரே இங்கு வந்து சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையில் நெய்த கட்டத்துணி ஐரோப்பிய வணிகரின் கப்பல்களில் இத்தீவுகளுக்கு வந்து, கறுப்பினப் பெண்டிரின் தலையணியாகி, இன்று இத்தீவின் தேசிய உடையாகவே மதிக்கப்படுகிறது. நெய்தவன் பெயர் மறைந்தது. ஊரின் பெயர் நின்றது.

நகரை விட்டதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. பலாட்டா என்னுமிடத்தில் பாரிசு நகரத்துத் திருவிருதயக் கோயிலைப் பார்த்துச் சிறிய அளவிற் கட்டப்பட்ட ஒரு தேவாலயம் இருக்கிறது. அதனை விரைந்து கடந்தோம். அப்பால் காடு. பெரணிகள் மரங்களாக வளர்ந்து குடைபிடித்து நிற்கின்றன. மூங்கில் சாலையின் மேல் வளைந்து பந்தலிடுகின்றது. எங்கும் நீர் கசியும் ஓசை. குற்றாலத்தையும் கொல்லிமலையையும் கண்டவர்க்கு இக்காடு அயலாகத் தோன்றாது. இம்மலைகளும் காடுகளும் 2023ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சொத்துகளின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

மோர்ன் ரூழ் என்னும் ஊரை அடைந்தபோது முகில் சற்றே விலகியது. அப்பொழுதுதான் மலையைக் கண்டோம். மோந்தாஞ் பெலே என்பது அதன் பிரெஞ்சுப் பெயர். மொட்டை மலை என்பது அதன் பொருள். உயரம் 1,397 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4,580 அடி. கொடைக்கானலின் உயரங்கூட இல்லை. அடிவாரம் முழுதும் பச்சை, தோள்வரை பச்சை, உச்சி மட்டும் முகிலுள் மறைந்து கிடந்தது. இப்படியொரு சாதுவான மலையா அப்பெருங்கொலையைச் செய்தது என்று எம்முள் ஒருவர் வியந்தார். வழிகாட்டி சிரித்து, "1902 ஏப்ரல் வரையில் எங்கள் மக்களும் அதையேதான் கேட்டிருப்பர், ஞாயிற்றுக்கிழமைகளில் உணவு கட்டிக்கொண்டு உச்சி ஏரிக்கு உல்லாசப் பயணம் போனவர்கள் அவர்கள்" என்றார்.

அங்கிருந்து வண்டி கிழக்கே இறங்கி, அட்லாண்டிக் கரையிலுள்ள பாஸ் புவாந்த் என்னும் சிற்றூரை அடைந்தது. வாழைத் தோட்டங்களுக்கிடையே ஊர். கறுப்பின மக்களின் உரிமைக்குக் கவிதையிலும் அரசியலிலும் குரல் கொடுத்த பெருங்கவிஞர் எமே செசேர் 1913இல் இவ்வூர்ப் பக்கத்தில்தான் பிறந்தார். 1945 முதல் 2001 வரை போர் த பிரான்ஸ் நகரத் தலைவராக இருந்தவர் அவர். சுற்றுலாக்காரர் பலரும் அவருக்காக இங்கு நிற்கின்றனர். நாம் நின்றது வேறொன்றிற்காக.

1853ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் 'ஓரேலி' என்னும் பாய்க்கப்பல் சென் பியேர்த் துறையில் நங்கூரம் பாய்ச்சியது. அதில் வந்திறங்கியவர்கள் புதுச்சேரி, காரைக்கால் கரையில் ஏற்றப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர். அவருட் பெரும்பாலோர் தமிழர். அன்று தொடங்கி 1883 வரை முப்பது ஆண்டுகளில் சுமார் 25,500 பேர் இத்தீவிற்குக் கொண்டுவரப்பட்டனர். அண்டைத் தீவாகிய குவாதலூப்பிற்குச் சென்றவர் நாற்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர். ஆட்பிடித்தவர்கள் மேஸ்திரிகள், பிடிபட்டவர்கள் பஞ்சத்தால் வயிறொட்டிய உழவரும் கைவினைஞரும். பிரெஞ்சுத் துறைகளின் குடிமக்கள் மட்டும் போதாமையால், பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆளெடுக்க 1861இல் இரு வல்லரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒப்பந்தம் ஐந்தாண்டு. முடிந்தபின் திரும்பிச் செல்லக் கப்பற்கூலி இலவசம் என்று ஏட்டில் எழுதியிருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதக் கடற்பயணம். அந்தமட்டில் கடலையே காணாத மருதநிலத்து உழவன் ஒருவன், அக்கடலின் மறுகரையில் இறங்கியதும் கண்ட முதற்காட்சி எதுவாயிருக்கும்? சென் பியேர்த் துறையில் நின்று பார்ப்பவர்க்கு ஊருக்குப் பின்னே வேறெதுவும் தெரிவதில்லை. இந்த மொட்டை மலைதான்.

பிடித்துவரப்பட்டோருட் பலர் வடபகுதித் தோட்டங்களுக்கே அனுப்பப்பட்டனர். ஆதலால் பாஸ் புவாந்த்திலும் அதனை அடுத்த மக்கூபாவிலும் இன்றும் அவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். கிராதிஸ் என்னும் பழைய தோட்டத்தில் ஒரு சிறு கோயில் உள்ளது. கோபுரமில்லை, மதிலில்லை, நம் ஊர்ப்புறத்து எல்லைக் கோயிலை ஒத்த எளிய கட்டடம். உள்ளே யார் என்று வினவியபோது வழிகாட்டி சொன்ன பெயர்களை அப்படியே தருகிறோம்: "மரியேமன், மல்தேவிலேன்." மாரியம்மனும் மதுரைவீரனும்! சொற்கள் தேய்ந்து போயினும் தெய்வங்கள் இடம்பெயரவில்லை. பூசை செய்பவருக்குப் 'பூசாலி' என்று பெயர். பாட்டை நடத்துபவர் 'வாத்தியாலு'. தப்பும் மத்தளமும் முழங்க, ஆடு பலியிட்டு, பூசாலி வெட்டரிவாளின் கூர்முனைமேல் ஏறி நின்று அருள்வாக்குச் சொல்வார். அருள்வாக்கு வருவது தமிழில். கூடியிருப்போர்க்குத் தமிழ் தெரியாது. எனவே அதனைக் கிரியோல் மொழியிற் பெயர்த்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்பார். தமிழ்ப் பாடல்களை இலத்தீன் எழுத்தில் குறிப்பேடுகளில் எழுதி வைத்துத் தந்தை மகனுக்குக் கொடுப்பர். பொருள் தெரியாது, ஓசை தப்பக்கூடாது என்பது மட்டும் கட்டளை.

இங்கே நாம் சற்று நின்று நினைக்கவேண்டியதாயிற்று. நம் குடியிருப்பிலேயே பாட்டி தமிழிற் கேட்கப் பேரன் வேற்று மொழியில் விடை சொல்லும் வீடுகள் உண்டு. அவர்க்கும் தாயகத்திற்கும் இடையே இருப்பது இரண்டு நாள் இரயில் தூரம், விடுமுறைதோறும் போய்வரலாம். இத்தீவில் இறங்கியவர்க்கோ பள்ளியில்லை, ஏடில்லை, ஊரிலிருந்து வரும் கடிதமில்லை. அந்நிலையிலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தாலாட்டின் ஓசையேனும் நின்றதே என்பதே எமக்கு வியப்பாயிற்று.

மற்றொரு தெய்வமும் இங்கு உண்டு. அதனைக் கேட்டபோது உடன்வந்த வேற்று நாட்டவர் எவரும் பொருட்படுத்தவில்லை, எமக்கோ மெய்சிலிர்த்தது. 'நாகூர்மிரா' என்று ஒருவருக்குக் கொடிமரம் நட்டுக் கொடியேற்றி வணங்குகின்றனர். நாகூரில் அடங்கிய மீரான் சாகிபு ஆண்டவரேதான் அவர். கப்பலோடிகளைப் புயலிலிருந்து காப்பவர் என்பது சோழநாட்டுக் கரையில் எல்லாச் சமயத்தாரும் நம்புவது. காரைக்காலிற் கப்பலேறியவர்க்கு நாகூர் கூப்பிடு தூரம் அன்றோ! கரை மறையுமுன் அவர்கள் வேண்டிக்கொண்ட பெரியவரை, கரை சேர்ந்தபின்னும் மறவாமல் மாரியம்மன் பக்கத்திலேயே இருத்திவிட்டனர்.

அடுப்படியிலும் தமிழ் தங்கியிருக்கிறது. நண்பகல் உணவுக்கு எமக்கு வைத்த இறைச்சிக் கறிக்குப் 'கொலொம்போ' என்று பெயர். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் இவற்றை அரைத்துச் சேர்த்தது. நம் 'குழம்பு' என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது என்று பலரும் கொள்கின்றனர். இலங்கைத் தலைநகரின் பெயரே என்பாரும் உளர். உண்டு பார்த்த நாம் முதற்கட்சியைச் சேர்ந்தோம். வேப்பிலையை 'வெப்பெலே' என்றும், பாகற்காயைப் 'பவோக்கா' என்றும் சொல்கின்றனர். முத்துசாமி, வீரசாமி, இராமசாமி என்பன இங்கே குடும்பப் பெயர்கள். அப்பெயருடையோர் கிறித்தவத் திருப்பெயரை முன்னே சூட்டி, ஞாயிறு காலையில் தேவாலயத்திற்கும், வேண்டுதல் உண்டானபோது மாரியம்மனுக்கும் செல்வர். 'கூலி' என்ற சொல் நெடுங்காலம் இத்தீவில் வசவுச் சொல்லாகவே இருந்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் கூலி உயர்வு கேட்ட வேளையில் அதனைக் கெடுக்க வந்தவர்கள் என்று இவர்களைக் கறுப்பின மக்கள் வெறுத்ததில் நியாயம் இல்லாமலில்லை. வந்தவர்க்கு அது தெரியாது என்பதும் உண்மை.

பிற்பகலில் மலையைக் குறுக்கே கடந்து மேற்குக் கரையில் சென் பியேர் வந்து சேர்ந்தோம்.

அக்காலத்தில் இதனை 'அந்தீயத் தீவுகளின் பாரிசு' என்பர். அரசு அலுவலகங்கள் போர் த பிரான்சிலே இருந்தாலும் பணமும் வணிகமும் இங்கேதான். எண்ணூறு பேர் அமரும் நாடக அரங்கு, குதிரை டிராம், மின்விளக்கு, சாராயப் பீப்பாய்கள் அடுக்கிய கடற்கரை, ஓயாது நீர் சலசலக்கும் தெருவோர வாய்க்கால்கள், மஞ்சள் சுவர்களும் சிவப்பு ஓடுகளுமான வீடுகள். மக்கள் தொகை சுமார் 26,000. மலையுச்சிக்கும் ஊருக்கும் இடையே ஏழு கிலோமீட்டர் தூரமே. மலை 1792இலும் 1851இலும் சிறிது இருமிச் சாம்பலைத் துப்பியதுண்டு. எவருக்கும் தீங்கில்லை, அதுவே தீங்காக முடிந்தது.

1902 ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் மலை புகைந்து சாம்பலைத் தூவத் தொடங்கியது. கந்தக நாற்றம் ஊரில் புகுந்தது. குதிரைகள் தெருவில் மூச்சுத் திணறின. மலைச்சரிவிலிருந்து எறும்புகளும் பாம்புகளும் இறங்கி வந்தன. மே 5ஆம் நாள் உச்சி ஏரி உடைத்துக்கொண்டு கொதிசேறு ஆற்று வழியே பாய்ந்து, கரையிலிருந்த கெரேன் சர்க்கரை ஆலையை அதிலிருந்தவர்களோடு மூடியது. கடல் சற்று உள்வாங்கித் திரும்பி வந்து கரையை அறைந்தது. மலையடியிலிருந்த சிற்றூர் மக்கள் பாதுகாப்புத் தேடி எங்கே போனார்கள்? சென் பியேருக்கு! ஊரைவிட்டு வெளியேறியவர் சிலர். உள்ளே வந்தவர் பலர்.

அவ்வேளையில் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. முதற்சுற்று ஏப்ரல் 27இல் முடிந்து, இரண்டாம் சுற்று மே 11இல் நடக்கவேண்டியிருந்தது. வாக்குகள் சிதறக்கூடாதென்று மக்களை ஊரிலேயே நிறுத்தினர் என்பது பரவலான குற்றச்சாட்டு. ஆளுநர் லூயி மூத்தே ஒரு குழுவை அமைத்தார். மலைக்கும் ஊருக்கும் இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் உள்ளமையால் எரிகுழம்பு வழிந்தாலும் கடலுக்கே போய்விடும், ஊருக்கு அச்சமில்லை என்று குழு தேர்ந்தது. வெசூவியசால் நேப்பிள்சுக்கு எவ்வளவு ஆபத்தோ அதற்கு மேல் இங்கில்லை என்னும் கல்லூரி ஆசிரியர் லாந்த் அவர்களின் கருத்தை உள்ளூர்ச் செய்தித்தாள் பெரிதாக வெளியிட்டது. துறையில் நின்ற இத்தாலியக் கப்பலொன்றின் தலைவன் அதே வெசூவியசின் அடியில் பிறந்தவன். சரக்குப் பாதியும் ஏற்றுமுன்னே, தண்டம் விதிப்போம் என்ற அதிகாரிகளின் மிரட்டலையும் பொருட்படுத்தாது, பாய் விரித்துப் போய்விட்டான். கற்றவர் பொத்தகத்தில் வெசூவியசைப் படித்திருந்தனர். அவன் வீட்டு வாசலிலிருந்து பார்த்திருந்தான்.

ஆளுநரை மட்டும் கொலையாளியாக நிறுத்துவது எளிது. எமக்கு அதில் உடன்பாடில்லை. மே 7ஆம் நாள் அவர் தம் மனைவியையும் அழைத்துக்கொண்டு சென் பியேருக்கே வந்து தங்கினார். இருவரும் மறுநாள் மாண்டனர். ஏமாற்ற எண்ணியவன் இப்படிச் செய்யமாட்டான். எரிமலையென்றால் குழம்பு வழியும், கல் விழும், சாம்பல் மூடும் என்பதே அன்றைய அறிவு. வரவிருந்ததற்கு அன்று பெயரே கிடையாது. அதே 7ஆம் நாள் தெற்கே ஆங்கிலேயர் தீவான சென்ட் வின்சென்டில் சூஃப்ரியேர் எரிமலை வெடித்துச் சுமார் 1,600 பேரைக் கொன்றது. செய்தி கேட்ட சென் பியேர் மக்கள், தம் மலையின் அழுத்தம் அங்கே வெளியேறிவிட்டதென்று ஆறுதல் கொண்டனர் என்பர்.

மே 8, வியாழக்கிழமை, இயேசு விண்ணேறிய திருநாள். தேவாலயங்களில் மக்கள் நிறைந்திருந்தனர். காலை எட்டு மணியளவில் மலையின் பக்கம் பிளந்தது. கரிய முகிலொன்று மேலே எழாமல், சரிவைத் தழுவிக்கொண்டு, கொதிக்கும் ஆவியும் அனற்சாம்பலும் கல்லுமாக, மணிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு வந்தது. பள்ளத்தாக்குகள் அதனைத் தடுக்கவில்லை. ஓரிரு நிமிடத்தில் ஊர் முடிந்தது. ஒரு மீட்டர் தடித்த சுவர்கள் கிழிந்தன. சாராயக் கிடங்குகள் தீப்பற்றி எரியும் ஆறாக ஓடின. துறையிலிருந்த கப்பல்களிற் பெரும்பாலானவை கவிழ்ந்தோ எரிந்தோ அழிந்தன. ராடம் என்னும் ஆங்கிலக் கப்பல் மட்டும், வெந்த கைகளோடு சுக்கானைப் பிடித்த தலைவனுடன், தளமெங்கும் பிணங்களோடு தப்பிச் சென்ட் லூசியா போய்ச் சேர்ந்தது. இறந்தவர் ஏறக்குறைய 28,000. முப்பதினாயிரம் என்போரும் உளர்.

ஊருக்குள் இருந்து பிழைத்தவர் கைவிரலில் எண்ணத்தக்கவரே. அடிதடி வழக்கில் தனிச்சிறையில் அடைபட்டிருந்த சிபாரி என்பவன் ஒருவன். கதவில் சிறு துளை தவிர வேறு திறப்பில்லாத, தடித்த கற்சுவர் அறை அது. உடல் வெந்து, நான்காம் நாள் தோண்டியெடுக்கப்பட்டான். பின்னர் அமெரிக்கப் பார்னம் பெய்லி சர்க்கஸ் கம்பெனியார் அவனைக் கொண்டுபோய், சிறையறை போல் ஒன்று சமைத்து, அதில் அமர்த்திக் காசு வாங்கிக் காட்டினர். சிறையிலிருந்து பிழைத்தவனுக்குச் சிறையே பிழைப்பாயிற்று. ஊர்க்கோடியில் வாழ்ந்த செருப்புத் தைக்கும் லெயாந்த்ர் என்பவரும் தப்பினார்.

அச்சிறையறை இன்றும் இருக்கின்றது. குனிந்து நுழைந்து பார்த்தோம். நாடக அரங்கின் மேடைக்கு ஒட்டினாற்போல் கீழே உள்ளது. அரங்கின் இரட்டைப் படிக்கட்டு மட்டும் மேலேறி வெறும் வானத்தில் முடிகின்றது. நினைவுக் காட்சியகத்தில் உருகி ஒட்டிய கண்ணாடிக் குப்பிகள், கரியாகிப் போன உணவு, நசுங்கி உருக்குலைந்த தேவாலய மணி. 1933இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் பெரெட் தொடங்கிய காட்சியகம் இது; 2019இல் புதுக்கியமைத்தனர். மாண்டவர்களுட் பெயர் அறியப்பட்ட சுமார் 7,000 பேரின் பெயர்களை அங்கே பொறித்துள்ளனர். எஞ்சிய இருபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் பெயரற்றவர். தோட்டங்களிலிருந்து ஓடிவந்தோர், கூலிகள், வேலைக்காரப் பெண்கள் இவர்கள் எந்தப் பக்கம் இருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. எந்தத் தேர்தலுக்காக மக்களை நிறுத்தினார்கள் என்று சொல்கிறார்களோ, அத்தேர்தலில் இந்தியக் கூலிகளுக்கு வாக்கு இல்லை. குவாதலூப்பிற் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்னும் பெருமகனார் 1904 முதல் வழக்காடி, 1923இல்தான் இந்திய வழித்தோன்றல்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பெற்றுத் தந்தார்.

மலை அத்துடன் ஓயவில்லை. 1902 ஆகஸ்டு 30இல் மீண்டும் சீறி, நாம் காலையில் நின்ற மோர்ன் ரூழ் பக்கத்தில் ஆயிரத்திற்கு மேற்பட்டோரைக் கொன்றது. பாரிசிலிருந்து வந்த அறிஞர் ஆல்ஃபிரெட் லக்ருவா அம்முகிலை நேரிற் கண்டு 'எரிமுகில்' என்ற பொருளில் பெயரிட்டார். அவ்வாறு வெடிக்கும் எரிமலைகளை உலகெங்கும் 'பெலே வகை' என்றே இன்று குறிக்கின்றனர். அவ்வாண்டின் பிற்பகுதியில், இறுகிய பாறைக்குழம்பு மலைவாயினின்று ஒரு தூண்போல் மெல்ல எழும்பி, 1903 மே மாதத்திற்குள் முந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்று, பின் உதிர்ந்து போயிற்று. 1929இல் மலை மறுபடி விழித்து மூன்றாண்டு முழங்கியபோது மக்களை உரிய காலத்தில் வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. 28,000 பேர் கொடுத்து வாங்கிய அறிவு அது. 2020 டிசம்பரில் மலையடியில் நிலநடுக்கம் மிகுந்தபோது மஞ்சள் எச்சரிக்கை அறிவித்துக் கருவிகளைப் பெருக்கினர். சென்ட் வின்சென்டின் சூஃப்ரியேர் 2021 ஏப்ரல் 9இல் வெடித்தது. முதல்நாளே பல்லாயிரவரை அகற்றிவிட்டிருந்தனர். அத்தீவிற்கும் 1861இல் சென்னையிலிருந்து 'திருவாங்கூர்' என்னும் கப்பலில் நம்மவர் சென்றனர் என்பதை இடையே சொல்லிவைப்போம்.

சென் பியேர் இன்று சில ஆயிரம் பேர் வாழும் அமைதியான ஊர். இடிந்த சுவரையே பின்சுவராகக் கொண்டு புதுவீடு எழுப்பியிருக்கின்றனர். துறையின் அடியில் கப்பல்கள் கிடக்கின்றன. மூழ்குவோர் சென்று பார்க்கின்றனர். எமக்குக் கடற்கரையில் அரைமணி நேரம் தந்தார்கள். சிலர் குளித்தனர், மணல் கறுப்பு.

கொலம்பசு இறங்கிய கார்பேயைக் கடந்து, கரையோரமாகத் தெற்கே வந்து, பொழுது சாயும் வேளையில் போர் த பிரான்சிற் புகுந்தோம். நகரத்துள் ஓரிடத்தை வழிகாட்டி கையால் சுட்டினார். அங்கே முன்பு 'ஓ பெரோ' என்னும் சேரி இருந்ததாம். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் தோட்டத்தை விட்டு, ஏட்டில் எழுதிய இலவசக் கப்பலை எதிர்பார்த்துத் தலைநகருக்கு வந்து, குடிசை போட்டுக் காத்திருந்த இடம். கப்பல்கள் அரிதாக வந்தன; பின்னர் நின்றே போயின. காத்திருந்தவர்க்கு நகரசபை தெருக்கூட்டும் வேலை கொடுத்தது. அவர் மக்களும் பேரரும் அதே துடைப்பத்தைப் பிடித்தனர். இப்பொழுது அச்சேரி இல்லை. வண்டி அவ்விடத்தில் நிற்கவில்லை. சுற்றுலா நிரலில் அது இடம்பெறவில்லை. கேட்டதால் சொன்னேன் என்றார் அவர். துறைமுகத்தில் எம்மை இறக்கிவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, மறுநாள் வரும் கப்பலின் பயணிகள் பட்டியலைப் பார்க்கத் தொடங்கினார்.